எந்தக் கையில் போட்டார்கள்?

ராயப்பேட்டை,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு

மரியாதைக்கும் பிரியத்துக்கும் உரிய மச்சான் வலியுல்லா அவர்களுக்கு, உங்கள் அக்காவைக் கட்டிய பாவத்துக்காக உங்களுக்கு மச்சானாகிவிட்ட அப்துல் கய்யூம் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், என்னைத் தவிர. வாணியம்பாடியில் நீங்களும், உங்கள் வீட்டாரும், உங்களோடு இருக்கும் தங்கை அன்வரியும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பீர்கள். நேற்று முதல் நான் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இல்லை. நானாக விலகவில்லை. அட்மின் யார் என்று உங்களுக்கே தெரியும்.

விஷயம் இதுதான். நானும் உங்கள் அக்காவும் நீங்களும் ஒரே குழுவாக ஹஜ்ஜுக்குத் தேர்வான நாளிலிருந்து நான் முறைப்படி எல்லாம் செய்தேன். வீடு வீடாகப் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்த தப்புக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டேன். தையல்காரனுக்கு இந்தக் கடமை மற்றவர்களைவிடக் கொஞ்சம் நீளம். கோபாலபுரம் நிரஞ்சன் சாரிடம், அவர் கல்யாணம் முடிந்த மறுநாள் போய்ச் சேர்ந்த கோட்டுக்காக மன்னிப்புக் கேட்டேன். நல்ல மனிதர், காபி கொடுத்து மன்னித்தார். போன வீட்டிலெல்லாம் விருந்து, சால்வை, மாலை. போன வீட்டிலெல்லாம் கடைசியில் ஒரே கேள்வி: ஊசி போட்டாச்சா? மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போடாமல் அங்கே விடமாட்டார்களாம். விருந்தை முதலில் சாப்பிட்டுவிட்டு ஊசியைப் பிறகு வைத்துக்கொண்டது என் தவறு. மாலை போட்ட கழுத்தோடு பின்வாங்க முடியாது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

தடுப்பூசி முகாம் அன்று உங்கள் அக்கா அஃப்சருன்னிசா பெண்கள் வரிசையில் போனாள், நான் ஆண்கள் வரிசையில் நின்றேன். முதல் மேஜையில் போலியோ சொட்டு மருந்து. "பாய், வாயைத் தொறங்க" என்றார்கள். பச்சைக் குழந்தைக்குக் கொடுப்பதை எனக்குக் கொடுக்கிறார்களே என்று கௌரவம் பார்க்காமல் ஆவென்று திறந்தேன், இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்றுகூடக் கேட்டேன். அடுத்த மேஜையில் ஊசி. நீங்கள் சிரிப்பீர்கள், ஆயுள் முழுக்க ஊசியோடு பிழைத்தவனுக்கு ஊசியில் என்ன பயம் என்று. அய்யா, அது நான் துணியைக் குத்துகிற ஊசி, அது ஒருநாளும் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. எனக்குப் பின்னால் நின்றவர், "இன்னா பாய் நடுங்கிக்கினு கீறே, கொசு கடிச்சா மாதிரிதான் கீது, தெகிரியமா போ" என்றார். கொசுவுக்கு அவ்வளவு நீளமான மூக்கு கிடையாது என்பது என் கருத்து. முன்னால் நின்ற பெரியவரின் சட்டைத் தோளில் தையல் கோணலாக இருந்தது, அதையே பார்த்து மனத்தைத் திடப்படுத்திக்கொண்டேன். அந்த நர்ஸ் அம்மா ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து விரலால் தட்டினார். அதற்குப் பிறகு எனக்கு நினைவிருப்பது டீக்கடை பெஞ்சு.

உங்கள் அக்கா வெளியே வந்து கையைத் தடவிக்கொண்டே, "உங்களுக்கும் வலிக்குதா?" என்று கேட்டாள். அந்த அன்பான கேள்விக்கு என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. வலிக்கிறது என்றேன். அவள் என்னைப் பெட்டி தூக்க விடவில்லை, தண்ணீர்க் கேன் மாற்ற விடவில்லை, வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். பொய்க்கு இவ்வளவு மரியாதை கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் தொழிலை எப்போதோ மாற்றியிருப்பேன். அப்புறம் பெசன்ட் நகரில் மகள் மஹ்விஷ் வீட்டில் வழியனுப்பு விருந்து. மருமகன் ஷோயப் காரிலிருந்து ஒரு மூட்டை அரிசியை இறக்கக் கை கொடுக்கச் சொன்னார். நான் தோளைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கையிலதான் மாப்ள போட்டாங்க" என்று முனகினேன். பிறகு உட்கார்ந்து அதே வலது கையால் பிரியாணியை ஒரு பிடி பிடித்தேன், மறுபடி வைத்தார்கள், அதையும் பிடித்தேன். தால்சா அருமை, அதைச் சொல்லியே ஆகவேண்டும். உங்கள் அக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"ஏங்க, எல்லாருக்கும் இடது கையிலதானே போட்டாங்க?"

மச்சான், நான் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். ஆட்டோவிலிருந்து இறங்கிய பிறகுதான் ஆரம்பித்தாள். "அன்வரிக்கு அந்த மூளைக்காய்ச்சல் வந்து காது போனப்ப இந்த ஊசி எங்க வீட்டுக்குக் கெடைச்சுதா? கெடைச்சிருந்தா எங்க அத்தா வீட்டை வித்தாவது போட்டிருப்பாரு. உங்களுக்கு மேஜை போட்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டு சும்மா குடுக்கிறாங்க, நீங்க டீ குடிக்கப் போயிட்டீங்க" என்றாள். நான், எனக்கு வந்தால் எனக்குத்தானே என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. "வீடு வீடாப் போய் மன்னிப்புக் கேட்டீங்களே, அங்க தோளோட தோள் உரசி நிக்கிறவருக்கு நீங்க நோயைக் குடுத்துட்டு வந்தா, எந்த ஊர்ல எந்த வீட்டுக் கதவைத் தட்டி மன்னிப்புக் கேப்பீங்க?" என்றாள்.

திங்கட்கிழமை விடுபட்டவர்களுக்கு மறுபடி முகாம் இருக்கிறது. நான் போகாவிட்டால் அவள் உங்களோடு ஹஜ்ஜுக்குப் போய்விடுவாளாம். "என் தம்பி வாணியம்பாடி முகாம்ல சிங்கம் மாதிரி போட்டுக்கிட்டான்" என்று தினமும் சொல்லிக்காட்டுகிறாள். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் சேர்ந்து போகவேண்டும் என்று பேசிக்கொண்ட பயணம் இது. காலமெல்லாம் ஊருக்குத் தைத்துக் கொடுத்தவன், ஹஜ்ஜுக்குரிய தையலே இல்லாத துணியைக் கட்டிக்கொண்டு அவளோடு அங்கே நிற்கவேண்டும் என்று நினைத்திருந்தேன். அவள் இல்லாமல் இந்த வீட்டில் நான் என்ன செய்வேன்? எனக்கு அழுகை வருகிறது மச்சான். ஆகவே நீங்கள் ஆண்பிள்ளையாக நின்று, மச்சான் வராமல் அக்காவை அழைத்துப் போகமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஊசி அவரவர் இஷ்டம் என்றும் கூடவே ஒரு வார்த்தை போடுங்கள். உங்கள் பேச்சென்றால் அவள் கேட்பாள்.

உங்கள் பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுளும், வியாபாரத்தில் பரக்கத்தும், உங்கள் சொல்லுக்கு உங்கள் அக்காவிடம் மதிப்பும் அல்லாஹ் தருவானாக.

இப்படிக்கு,
உங்களையே நம்பியிருக்கும்
அப்துல் கய்யூம்

பின்குறிப்பு: திங்கட்கிழமை மாலை. கவரை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடுங்கள். காலையில் போய்ப் போட்டுக்கொண்டேன், உங்கள் அக்கா என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கண்ணை மூடி, "மெதுவா போடும்மா" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, "போட்டு முடிச்சாச்சு பாய், எழுந்திரிங்க" என்றார்கள். இப்போது கை நிஜமாகவே வலிக்கிறது, வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. குழுவில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். சேர்ந்ததும் பார்த்த முதல் செய்தி, அன்வரி அனுப்பிய வீடியோ. அவள் சைகையில் சொன்னதை அஃப்சருன்னிசா எனக்குச் சொன்னாள்: உங்கள் ஊர் முகாமில் நீங்களும் சொட்டு மருந்தோடு வீட்டுக்கு வந்துவிட்டீர்களாம். காது கேட்காதவர்களிடம் பொய் சொல்வது கஷ்டம் மச்சான், அவர்கள் முகத்தைப் பார்த்துவிடுகிறார்கள். இது கிடைத்ததும் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உங்களை விட்டுவிட்டு நாங்கள் இருவர் மட்டும் போவதாக முடிவு. வலிக்காது. வலிக்கிறது என்று சொல்வதானால், இடது கை என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.