மண்டபத்துக்குத் தப்பி ஐஸிலை விழுந்த கதை

இனிமேல் சனிக்கிழமையளிலை ஒரு மண்டபத்துக்கும் போறேல்லை எண்டு முடிவெடுத்தன். அந்த முடிவை மனுசிக்குச் சொல்லுறது எண்ட முடிவை மட்டும் எடுக்கேல்லை.

ஒஸ்லோத் தமிழருக்குச் சனிக்கிழமை எண்டால் மண்டபம். பிறந்தநாள், சாமத்தியவீடு, முதல்நன்மை, அறுபதாம் கலியாணம். ஒண்டும் இல்லாட்டில் போன கிழமை நடந்ததுக்கு நன்றி சொல்லுற விருந்து. மூண்டு மணிக்கு எண்டு சொல்லுவினம். மூண்டு மணிக்குப் போனால் கதிரை அடுக்குறவரும் நானும்தான் நிப்பம். சாமத்தியவீடு எண்டால் ஆறு மணிக்குப் பெரியபிள்ளையான பெட்டை பல்லக்கிலை வரும். பேந்து படம் எடுப்பினம். நான் கோட்டுப் போட்டுக்கொண்டு, கொறற்றியின்ரை கைப்பையை மடியிலை வைச்சுக்கொண்டு இருப்பன். கொறற்றி என்ரை மனுசி. முழுப்பேர் மரியகொறற்றி.

நானும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. இடைக்கிடை எழும்பிப் போய் அவவின்ரை காதுக்கை "வெளிக்கிடுவமே?" எண்டு கேப்பன். "இப்பதானேப்பா வந்தது" எண்டுவா. நாலாம் தரம் கேக்கேக்கை முகம் கறுக்கும். ஏழாம் தரம் கைப்பையை வாங்கிக்கொண்டு எழும்புவா. இருபது வருசமா எங்கடை இல்லறம் இப்பிடித்தான் நடக்குது.

இந்த நேரத்திலைதான் லிப்டுக்கை கரோலினா ஏறினா. ஒஸ்லோவிலை புருசெத் பக்கம் எங்கடை புளொக்கிலை ரெண்டு மாடி மேலை இருக்கிற நோர்வேக்காரி. கொறற்றி வேலை செய்யிற முதியோர் இல்லத்திலைதான் அவவுக்கும் வேலை. இந்த நாட்டிலை லிப்டுக்கை ஒருத்தரும் கதைக்கிறேல்லை. கரோலினா கதைச்சா. நாப்பது தாண்டின, ஒண்டும் தெரியாத ஆக்களைச் சேத்து ஒரு ஐஸ் ஹொக்கி அணி நடத்துறாவாம்.

"நீங்களும் வாறியளோ?" எண்டு கேட்டா.

"எண்டைக்கு விளையாட்டு?"

"சனிக்கிழமை. பின்னேரம் மூண்டு மணிக்கு. ஆனா ஒண்டு, சேந்தால் ஒவ்வொரு சனியும் கட்டாயம் வரவேணும்."

கும்பிடப் போன தெய்வம் லிப்டிலை வந்து கட்டாயம் எண்டும் சொல்லுது. நான் ஓம் எண்டன்.

கொறற்றியிட்டைச் சொல்லுறதுக்கு நிறையக் காரணம் அடுக்கி வைச்சன். கொழுப்பு, சீனி, டொக்டர் சொன்னது, பிள்ளையள் பிறந்த நாட்டை நாங்களும் மதிக்கவேணும் எண்டது. இரவுச் சாப்பாட்டிலை இடியப்பத்தைப் பிய்ச்சுக்கொண்டு துவங்கினன்.

"இஞ்சேரும், சனிக்கிழமையளிலை நான் ஐஸ் ஹொக்கி விளையாடப் போறன்."

"ஓம், போங்கோ."

"மண்டபத்துக்கு வர ஏலாமப் போகும்."

"அதுக்கென்ன. நான் பக்கத்து வீட்டு நிருஜா ஆக்களின்ரை காரிலை போறன். சொதி விடட்டே?"

அடுக்கி வைச்ச காரணமெல்லாம் வயித்துக்கையே நிண்டிட்டுது. அண்டைக்கே எனக்கு விளங்கியிருக்க வேணும். கலியாணத்தண்டு பாதர் கேக்கேக்கைகூட என்னை ஒருக்கா மேலையும் கீழையும் பாத்திட்டுத்தான் ஓம் எண்டவ. ஆனால் வெற்றியிலை இருக்கிறவனுக்கு எங்கை யோசினை வரும்.

பழக்கம் துவங்கிச்சுது. சறுக்கப் பழகிற ஆக்களுக்கு ஒரு பிளாஸ்டிக் பெங்குவின் குடுப்பினம். அதைப் பிடிச்சுத் தள்ளிக்கொண்டு போகவேணும். அஞ்சு வயசுப் பெடியள் ரெண்டு சுத்துச் சுத்திப்போட்டுப் பெங்குவினை விட்டிட்டுப் போயினம். நான் விடேல்லை. அதுவும் என்னை விடேல்லை.

"முந்தி ஏதாவது விளையாடியிருக்கிறியளோ?" எண்டு கரோலினா கேட்டா.

"பள்ளிக்கூடத்திலை கிரிக்கெட். விக்கெட் கீப்பர்."

"அது என்ன?"

"பின்னாலை நிண்டு வாற பந்தைப் பிடிக்கிறவர்."

அவவின்ரை முகம் மலர்ந்திது. அந்த அணியிலை எல்லாம் இருந்தது, கோல் காக்க மட்டும் ஆள் இல்லை. ஏன் இல்லை எண்டு நான் கேட்டிருக்கலாம். சறுக்கத் தேவையில்லை, நிண்ட இடத்திலை நிண்டால் போதும் எண்டு சொன்னவுடனை எனக்குக் கேள்வி ஒண்டும் வரேல்லை.

முதல் ஆட்டம் கார்த்திகையிலை, பக்கத்துப் பகுதி ரொம்சோஸ் ஆக்களோடை. அவையும் புதுசுதான் எண்டு சொன்னவை. நோர்வேயிலை புதுசு எண்டால், ரெண்டு வயசிலை சறுக்கத் துவங்கி நடுவிலை கொஞ்சக் காலம் விட்டவை எண்டு கருத்து.

உடுப்பு மாத்திற அறையிலை எனக்குக் கவசம் கட்டினது பிரதீப். தமிழ்நாட்டுக்காரன், இப்பதான் நாப்பது தாண்டினவன், கொம்பியூட்டர் கொம்பனியிலை வேலை. எங்கடை அணியிலை நானும் அவனும்தான் தமிழ். காலுக்கு மெத்தை, நெஞ்சுக்குப் பலகை, கைக்கு ஒரு பெரிய கையுறை, தலைக்குக் கம்பிக்கூடு.

"சார், கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க" எண்டான்.

"மாப்பிள்ளை எண்டால் இருந்து எழும்பேலும், தம்பி."

"பயப்படாதீங்க சார். பால் வர்ற லைன்ல பாடியை வைங்க. நம்ம கிரிக்கெட்தான்."

கடைசியிலை ரெண்டு பேர் என்னைத் தள்ளிக்கொண்டு போய்க் கோலுக்கு முன்னாலை நிப்பாட்டினவை. நிப்பாட்டின மாதிரியே நிண்டன். விசில் அடிச்சு மூச்சு விடமுதல் இந்த விளையாட்டிலை பந்துக்குப் பதிலா அடிக்கிற கறுத்த வட்டு ரெண்டு காலுக்கும் நடுவாலை போயிட்டுது. நான் குனிஞ்சு பாக்கேக்கை எதிரணி கட்டிப்பிடிச்சுக் கொண்டாடுது. ரெண்டாவது இடப்பக்கத்தாலை. மூண்டாவதுக்கு நான் முன்காலை வைச்சு, தடியை நேராப் பிடிச்சு, வாத்தியார் பழக்கின மாதிரி வடிவா மறிச்சன். மறிச்ச வடிவிலையே முகங்குப்புற விழுந்தன். நாலாவதும் அஞ்சாவதும் எனக்கு மேலாலை போச்சுது. எழும்புறதுக்கு ரெண்டு பேர் வேணும், அவை எந்த நேரமும் தூரத்திலை நிண்டவை.

பேந்துதான் அது நடந்தது. ரொம்சோஸிலை ஒரு பெரிய தாடிக்காரர் ஓங்கி அடிச்சார். வட்டு என்ரை காதடிக்கு வருது. கை தானா எழும்பிச்சுது. பட்டெண்டு கையுறைக்கை விழுந்தது. பிடிச்சிட்டன். முப்பது வருசத்துக்குப் பிறகு ஒரு பிடி. சனம் கை தட்டுது. எனக்குக் கண் கலங்கிப் போச்சு. கண் கலங்கினவன் என்ன செய்வான்? விக்கெட் கீப்பர் செய்யிறதைத்தான் செய்வான். விசிலுக்கு முந்தியே வட்டை ஆகாயத்துக்கு எறிஞ்சு, ரெண்டு கையையும் விரிச்சு, நடுவரைப் பாத்து "ஹவ்ஸ் தற்" எண்டு கத்தினன்.

எறிஞ்சது எனக்குப் பின்னாலை விழுந்து, மெல்ல உருண்டு, கோலுக்குள்ளை போய்ப் படுத்திட்டுது.

நோர்வேக்காரருக்கு ஒண்டும் விளங்கேல்லை. பிரதீப் மட்டும் சறுக்கி வந்து தோளிலை தட்டினான்.

"சார், அது அவுட்தான். ஆனா இங்க கோல்."

மிச்சத்தை நான் எண்ணேல்லை, எண்ணினவையும் எனக்குச் சொல்லேல்லை. முடிவிலை கரோலினா வந்து, "அந்த ஒண்டை நல்லாப் பிடிச்சியள்" எண்டா. இந்தச் சனம் செத்தவீட்டிலையும் சாப்பாடு நல்லம் எண்டு சொல்லும்.

ஞாயிறு விடிய என்னாலை கழுத்தைத் திருப்ப ஏலேல்லை. இடுப்பு நாரி, முழங்கால், இதுவரை பேர் தெரியாத சில இடங்கள் எல்லாம் நோ. சோபாவிலை படுத்து, உறைஞ்ச முருங்கைக்காய்ப் பைக்கட்டை முழங்காலிலை வைச்சுக்கொண்டு, மண்டபத்தை நினைச்சன். சூடான இடம். மெத்தைக் கதிரை. தானா வாற மட்டன் ரோல்ஸ். ஒருத்தரும் ஒண்டும் எறியாயினம். அப்பிடி ஒரு சொர்க்கத்தை விட்டிட்டு வந்த விசரனை நினைக்க அழுகை வந்தது.

கொறற்றி பாட்டு முணுமுணுத்துக்கொண்டு குசினிக்கை அடுப்படியிலை நிண்டா.

"இஞ்சேரும். அடுத்த சனி சபாரத்தினம் அண்ணையின்ரை பிறந்தநாள் எல்லே?"

"ஓம்."

"நானும் வாறன்."

"நீங்களோ?"

"கடைசி மட்டும் இருப்பன். வெளிக்கிடுவமே எண்டு ஒரு தரமும் கேக்கமாட்டன்."

"நீங்கள் கேக்கத் தேவையில்லையப்பா. உங்கடை முகம் கேக்கும்."

வந்து பக்கத்திலை இருந்தா. முகத்திலை ஒரு வெளிச்சம்.

"இருபது வருசத்திலை இந்த ரெண்டு மாசமாத்தான் கேக் வெட்டுறதைக் கண்ணாலை காணுறன். பேந்து ஆட்டமும் இருக்காம், எனக்குத் தெரியாது. நேற்று நானும் ஆடினனான். எவ்வளவு சந்தோசமா இருந்தது தெரியுமே."

எனக்கு வெக்கமாப் போச்சு. ஆனால் வெக்கத்தை விட நாரி கூட நொந்தது.

"சரி, கரோலினாவை வேலையிலை காணுவீர்தானே. என்னாலை இனி ஏலாது எண்டு சொல்லிவிடும்."

"நான் எந்த முகத்தோடை சொல்லுறது? நான்தானே கெஞ்சிக் கேட்டு உங்களைச் சேர்ப்பிச்சனான்."

"எப்ப?"

"ஆடியிலை."

கரோலினா லிப்டிலை கதைச்சது புரட்டாதியிலை.

"அப்ப லிப்டிலை அவ..."

"வாசலிலை வந்து கேட்டால் யோசிப்பியள் எண்டு நான்தான் சொன்னன். லிப்டுக்கை எண்டால் ஓட ஏலாது."

"வேறை விளையாட்டு ஒண்டும் கிடைக்கேல்லையே உமக்கு? கரம்போட் இருக்கு, செஸ் இருக்கு."

"சனிக்கிழமை மூண்டு மணிக்கு இதுதான் இருந்தது."

கதைச்சுக்கொண்டே என்ரை முழங்காலிலை இருந்த முருங்கைக்காயை எடுத்தா. கறிக்கு வேணுமாம். நான் மெல்லமாக் கேட்டன்.

"இந்த விளையாட்டு எப்பப்பா முடியும்?"

"பங்குனியிலை."

கொஞ்சம் மூச்சு வந்தது. பனி உருகத்தானே வேணும்.

"சித்திரையிலை இருந்து நான் உம்மோடை மண்டபத்துக்கு வரலாம், என்ன?"

கொறற்றி பைக்கட்டை வெட்டி முருங்கைக்காயைச் சட்டிக்கை கொட்டினா.

"சித்திரையிலை இருந்து கரோலினா ஆக்கள் கடலிலை படகு வலிக்கிறவையாம். உங்களுக்கு நீந்தத் தெரியாது எண்டும் சொல்லிப்போட்டன், மிதக்கிற சட்டை தருவினமாம்."