ரம் பீப்பாவும் மூக்கரின் மூக்கும்

கல்முனையில் மூக்கரைவிடப் பெரிய மூக்கு உள்ளவர்கள் இருக்கலாம். அவருடையதைப்போல் திமிர் பிடித்த மூக்கை இன்றுவரை நான் கண்டதில்லை.

பக்கத்து வீட்டுக்காரர். பஸ் டிப்போவில் இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்து ஊரான சாய்ந்தமருதில் பிரியாணி தம்மில் இருந்தால், இங்கே வாசலில் நின்றபடியே "ஏலம் கூடிப்போச்சு" என்பார். கல்யாண வீட்டுச் சமையற்காரர்கள் அவர் தலையைக் கண்டதும் கிடாரத்தை மூடிவிடுவார்கள்.

பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மோப்பத்தையும் கொண்டுபோய்விட்டது.

"இந்த வயசில திரும்பி வாறது கஷ்டம். பழகிக்கொள்ளுங்க" என்றார் டொக்டர்.

"நீங்க உங்கட மூக்கப் பாருங்க டொக்டர். என்ர மூக்குக்கு நான் சொல்லுவன்."

அன்று தொடங்கியது போர். காலையில் கருவாடு, மத்தியானம் மண்ணெண்ணெய், பின்னேரம் தைலம். மூக்கு அசையவில்லை. அவரும் அசையவில்லை.

கனடாவில் இருந்து வந்த அவருடைய தம்பி, ஒரு அயர்லாந்து விஸ்கிப் போத்தில் கொண்டுவந்தார். அதில் எழுதியிருப்பதை வாசிக்க மூக்கர் என்னைக் கூப்பிட்டார்.

"நான் குடிக்காத ஆள் மச்சான். என்னை ஏன் கூப்பிடுறாய்?"

"குடிக்கிறவன் ஆசையில வாசிப்பான். நீ வாசி."

வாசித்தேன். "கடைசிக் கொஞ்சக் காலம் ரம் இருந்த பீப்பாவில வச்சு எடுத்ததாம். வாழப்பழ மணம் வருமாம்."

"அந்த ரம் எங்க?"

"அத முதலே எடுத்திட்டாங்க."

"எடுத்த பிறகும் மணம் பலகையில நிக்குதா?"

"ஓம், நிக்குதாம்."

மூக்கர் கதிரையை விட்டே எழும்பிவிட்டார். "கேட்டியா மனுசி? பலகையிலயே நிக்குதெண்டா என்ர மூக்கில நிக்காதா? அந்த டொக்டரக் கூப்பிடு!"

தம்பி கிளாசில் ஊற்றிக் கொடுத்தார். மூக்கர் மோந்தார். ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். நாங்கள் மூச்சை அடக்கினோம்.

"வாழப்பழம் மணக்குதுதானே அண்ண?" தம்பி கெஞ்சாத குறை.

"இல்ல. தொண்ட எரியுது. வேற ஒண்டும் இல்ல."

தம்பியின் முகம் வாடிப்போனது. மூக்கரின் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம், கடல் தாண்டிக் கொண்டுவந்த பிள்ள. ஓம் எண்டு சொன்னா என்ன குறைஞ்சிடும்?"

"மூக்கு திரும்பி வரக்குள்ள நான் பொய்யனா இருக்கப்படாது!"

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில், கோயிலால் வந்ததும் மூடியளவு ஊற்றி மோப்பார். குடிக்கமாட்டார், மோப்பது மட்டும்தான். "கர்த்தர் பார்த்துக்கொண்டிருக்கார்" என்பார் மனைவி. "பார்க்கட்டும். நானும் அவரத்தான் பார்த்துக்கொண்டிருக்கன்" என்பார் இவர்.

ஒரு நாள் மத்தியானம் மதிலுக்கு மேலால் பெரிய கூச்சல்.

"மச்சான்! வந்திட்டு! வந்திட்டு!"

"என்ன, வாழப்பழமா?"

"வாழப்பழம் இல்லகா! உன்ர வீட்டுச் சோறு அடிப்பிடிக்குது!"

குசினிக்கு ஓடினேன். உண்மைதான், பானையில் இருந்து புகை கிளம்பிக்கொண்டிருந்தது. பின்னால் ஓடிவந்த என் மனைவி தண்ணீரை ஊற்றப் போனாள். யன்னலால் எட்டிப் பார்த்தேன். மூக்கர் மதிலைப் பிடித்தபடி, கண்களை மூடி, எங்கள் வீட்டுப் புகையை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு நின்றார்.

மனைவியின் கையைப் பிடித்தேன்.

"கொஞ்சம் பொறு. அவர் மோந்து முடியட்டும்."