அண்ணா அனுப்பிய கடிகாரம்

கடவுள் துணை

மதிப்பிற்குரிய அண்ணா அவர்களுக்குத் தங்கை வணங்கி எழுதிக்கொள்வது. நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நலமாயிருக்க இரண்டு வேளையும் வேண்டிக்கொள்கிறேன். நாங்களும் இங்கே நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் இப்போதுதான் கும்பிட்டுவிட்டு எழுந்தேன், உடனே உட்கார்ந்து பொய் எழுத மனம் வரவில்லை. இன்று ஆலையில் உங்கள் மாப்பிள்ளையின் பெயரை அடித்திருப்பார்கள். குற்றம் அவருடையது அல்ல, நீங்கள் அனுப்பிய கடிகாரத்துடையதும் அல்ல. இந்த வீட்டுப் பெண்கள் மூன்று பேருடையது. உங்களுக்கு மானேஜரைத் தெரியும் என்பதால், அந்த மூன்று பேரில் முதல் குற்றவாளியாகிய நான் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

லாரி வந்து சுமையையெல்லாம் அள்ளிக்கொண்டு போனபின் அவர் மாடுகளை விற்றதும், நீங்கள் சொல்லி ஆலையில் பஞ்சுப் பொதி இறக்கும் வேலை கிடைத்ததும் உங்களுக்குத் தெரிந்ததே. இருபத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டிய மனுஷர். மாடு எழுந்தால் எழுவார், மாடு நின்றால் நிற்பார், வழியில் யாராவது கை காட்டினால் ஏற்றிக்கொண்டு அவர்கள் வீட்டு வம்பு முடியும்வரை மெதுவாக ஓட்டுவார். வண்டிக்கு எதற்கு நிமிஷம்? ஆலையிலோ ஏழுக்குச் சங்கு ஊதினால் கதவு மூடிவிடும். காற்று நம் பக்கம் அடித்தால்தான் அந்தச் சங்கு நமக்குக் கேட்கும், கேட்டாலும் நடக்க முக்கால் மணி நேரத் தூரம். ரயில் சத்தத்தை வைத்துப் புறப்படலாம் என்றால் அந்த ரயில் வருகிற அழகுக்கு அதை நம்பி அடுப்பில் பால்கூட வைக்க முடியாது. மேகம் மூடிய நாட்களில் விடிந்தது தெரியாமல் மூன்று தரம் தாமதமாகப் போனார். நாலாவது தரம் வந்தால் பெயரை அடித்துவிடுவோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்று தட்டின் முன்னால் உட்கார்ந்து, “மாட்டை வித்தப்பவே என்னையும் சேர்த்து வித்திருக்கலாம்” என்றார். “உங்களை யார் வாங்குவா? பல்லைப் பிடிச்சுப் பார்த்தா பாதிதான் இருக்கு” என்றேன். சிரித்தார். ஆனால் சாப்பிடவில்லை. அதைத்தான் உங்களுக்கு எழுதினேன், பத்தாம் நாள் பார்சலில் கடிகாரம் வந்தது.

அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம். எழுத்துக் கற்றதுபோலவே மணி பார்க்கவும் மகளின் பாடப் புத்தகத்தை வைத்து நானே கற்றுக்கொண்டேன். கற்ற மறுநாளே அண்ணா, எனக்குப் புத்தி கெட்டது. நாலாவது தரம் வந்துவிடக் கூடாதே என்று பயந்தேன். யாரும் பார்க்காதபோது கண்ணாடியைத் திறந்து முள்ளைப் பத்து நிமிஷம் முன்னால் தள்ளி வைத்தேன். அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் “இன்னும் பத்து நிமிஷம் இருக்கே” என்று உட்கார்ந்துவிடுவார். சாமியிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டேன். நான் ஒருத்தி செய்தது அது. அதற்குமேல் நடந்தது எனக்குத் தெரியாது.

தெரியவந்தது மண்ணெண்ணெய்யால்தான். வீட்டில் எது எப்போது வாங்கினோம், எப்போது தீர்ந்தது என்று நான் எழுதி வைப்பதை நீங்கள் கேலி செய்வீர்கள். எப்போதும் இருபதாம் தேதிவரை வருகிற எண்ணெய், இந்த மாதம் பதினான்கிலேயே தீர்ந்துவிட்டது. முதலில் மாமியார்மேல்தான் சந்தேகப்பட்டேன். “விளக்கை அணைக்காம படுக்கிறீங்களா அத்தை?” என்று கேட்டதற்கு, “ஆமா, நான் விளக்கு எண்ணெயைக் குடிச்சுட்டுத்தான் படுக்கிறேன்” என்றார். மூன்று நாள் பேச்சு இல்லை. பிறகுதான் உறைத்தது, நாங்கள் வரவர அதிக இருட்டில் எழுந்துகொண்டிருக்கிறோம். நேற்று ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டில் இருந்தார். ஆலை வாசலில் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று மெதுவாகக் கேட்டேன். “கொஞ்ச நேரம்தான். முக்கால் மணி இருக்கும். பனிதான் கொஞ்சம்” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சங்குக்குப் பத்து நிமிஷம் முன்னால் போய்ச் சேரும்படிதான் அவரை அனுப்புவேன்; அதைக் கழித்து, எண்ணெய்க் கணக்கையும் அவர் சொன்னதையும் வைத்துப் பார்த்தால் கடிகாரம் முப்பத்தைந்து நிமிஷம் முன்னால் ஓடுகிறது. நான் தள்ளியதோ பத்து. பொய் குட்டி போடும் என்பார்களே, போட்டிருக்கிறது என்று நினைத்து, அவர் வெளியே போனதும் முப்பத்தைந்து நிமிஷத்தையும் பின்னுக்குத் தள்ளி, காதைப் பிடித்துக்கொண்டு சாமி முன்னால் நின்றேன்.

இன்று காலை மனநிறைவோடு அவரை அனுப்பினேன். மகள் பள்ளிக்கூடத்துக்குப் போய் நடுப்பகலில் முகம் வீங்க வந்தாள்.

“அம்மா, மணி அடிச்சு இருபத்தஞ்சு நிமிஷம் கழிச்சுப் போயிருக்கேன். வெளியவே நிக்க வச்சுட்டாங்க. நம்ம கடிகாரம் எப்படிம்மா இவ்வளவு பின்னாடி போகும்? நான் பத்து நிமிஷம்தானே தள்ளினேன்.”

“நீ எதுக்குடி அதைத் தொட்டே?”

“நேத்து அப்பா பனின்னு சொன்னாரே. முன்னாடி பத்து நிமிஷம் கூட வச்சதே நான்தான். அதைத்தான் திருப்பி வச்சேன்.”

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாமியாரின் கை நின்றது. “நீயுமா?” என்றார்.

“அத்தை, நீங்களுமா? உங்களுக்கு மணி பார்க்கவே தெரியாதே.”

“பார்க்கத் தெரியாட்டி என்ன, தள்ளத் தெரியாதா? எம்புள்ளை வேலை போயிடுமேன்னு ஒரு விரக்கடை முன்னால தள்ளினேன். நேத்து பனியில உக்கார்றான்னு கேட்டதும் அதே விரக்கடை பின்னால தள்ளினேன். நான் யாருக்கும் கடன் வைக்கிறவ இல்லை.”

எந்த விரல் என்று கேட்டேன். கட்டைவிரலைக் காட்டினார். கண்ணாடிமேல் வைத்து அளந்தேன், சரியாகப் பதினைந்து நிமிஷம். முன்னால் தள்ளியது பத்தும் பதினைந்தும் பத்தும், முப்பத்தைந்து. பின்னால் தள்ளியதோ நான் முப்பத்தைந்து, அத்தை பதினைந்து, மகள் பத்து. ஆகமொத்தம் உங்கள் மாப்பிள்ளை இன்று இருபத்தைந்து நிமிஷம் தாமதமாகப் புறப்பட்டிருக்கிறார். நாலாவது தரம். மூன்று பேரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இதை எழுதும்போது பிற்பகல் மூன்று இருக்கலாம், வெயிலைப் பார்த்துச் சொல்கிறேன். கதவு மூடியிருந்தால் அவர் இதற்குள் திரும்பியிருக்க வேண்டும், வரவில்லை. எங்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று எங்கே போய் உட்கார்ந்திருக்கிறாரோ. நாங்கள்தான் அவர் முகத்தில் விழிக்கத் தகுதியில்லாதவர்கள். ஆகையால் அண்ணா, தயவுசெய்து மானேஜருக்கு ஒரு வரி எழுதுங்கள். ஆள் சோம்பேறி இல்லை, வீட்டில் அக்கறை கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்று எழுதுங்கள். தண்டனை உண்டென்றால் என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள், பஞ்சுப் பொதி தூக்க முடியாவிட்டாலும் எண்ணி எழுதுவேன்.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகள் படிப்பும் உடம்பும் குறைவில்லாமல் வளர ஆண்டவன் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை

பின்குறிப்பு: அண்ணா, மானேஜருக்கு எழுதவே எழுதாதீர்கள். இருட்டும் நேரத்துக்கு அவர் தூக்குவாளியை ஆட்டிக்கொண்டு வந்துவிட்டார். “எங்க போயிருந்தீங்க?” என்றேன். “எங்க போவேன், ஆலைக்குத்தான்” என்றார். “கதவு மூடலையா?” “நான் போய்த்தான் அதைத் திறக்கவே செஞ்சாங்க” என்றார். விஷயம் இதுதான். ஆலை வாசல் காவல்காரரின் கடிகாரம் நின்று மாதம் ஒன்றாகிறதாம். தினமும் தவறாமல் ஒரே நேரத்துக்கு இவர் வந்து உட்காருவதைப் பார்த்து, காவல்காரர் இவர் வந்ததும் வாசலைப் பெருக்கி, தொட்டியில் தண்ணீர் நிரப்பி, இரண்டு பேருமாகத் தேநீர் குடித்துவிட்டு எழுந்தால் ஏழு என்று சங்கை ஊதிக்கொண்டிருந்திருக்கிறார். இன்று இவர் மூச்சிரைக்க ஓடிப்போய் நின்றால், வெளியே முந்நூறு பேர் நிற்க, காவல்காரர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டே, “வாங்க வண்டிக்காரரே, இன்னைக்கு என்ன எல்லாப் பயலும் இவ்வளவு சீக்கிரம் வந்து நிக்கிறானுங்க?” என்றாராம். அந்த முந்நூறு பேரில் ஒருவராவது வாயைத் திறக்க வேண்டுமே. மானேஜரும் சங்குச் சத்தத்தைக் கேட்டுத் தன் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொண்டாராம்.

ஆக, நம் கடிகாரம் உண்மை சொன்னால் ஆலை தாமதமாகிவிடும். அவர்கள் கடிகாரம் பழுது பார்த்து வரும்வரை முப்பத்தைந்து நிமிஷம் முன்னால் வைப்பது என்று தீர்மானித்து, இந்தத் தரம் மூன்று பேரும் ஒன்றாக நின்று சாமியிடம் சொல்லிவிட்டே தள்ளினோம். அப்படியே கண்ணாடியைத் துடைக்கப் போனேன், அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“துடைக்காதே. முதல் வாரமே பார்த்துட்டேன். சாம்பல் விரல் ஒண்ணு, மை விரல் ஒண்ணு, எண்ணெய்க் கட்டைவிரல் ஒண்ணு. பனின்னு சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். அங்க உக்கார்ந்திருந்தப்ப எனக்குக் குளிரவே இல்லை.”

ஆகவே அண்ணா, அடுத்த முறை வரும்போது கடிகாரக் கண்ணாடி அழுக்காக இருந்தால் அண்ணியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், உங்கள் தங்கை வீட்டைத் துடைக்காதவள் இல்லை என்று.