ஊதாப் புழுவும் எட்டுப் பவுண்டு பொய்யும்

"நெஜமாவே இதுல மீன் கடிக்குதா, மிஸ்டர் ராய்ஸ்?"

நெல்டா இப்படி நேருக்கு நேராகக் கேட்டுவிடுவாள் என்று ராய்ஸ் டாக்கெட் எதிர்பார்க்கவில்லை. ஏழு வருடங்களாக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலை ஒன்பது மணிக்கு அவளுடைய தூண்டில் கடைக்கு வந்து, ஒரு பை பிளாஸ்டிக் புழு வாங்கிக்கொண்டு, வெயிலைப் பற்றி ஒரு வாக்கியமும் ஏரித் தண்ணீரைப் பற்றி ஒரு வாக்கியமும் பேசிவிட்டுப் போகிறவர் அவர். மூன்றாவது வாக்கியம் ஒன்றும் உண்டு. "ஒருநாள் என் படகுல வர்றீங்களா?" என்பது அது. வீட்டுக் குளியலறைக் கண்ணாடி முன் நின்று அதை லட்சம் தடவை பிழையில்லாமல் சொல்லியிருக்கிறார். கடை வாசலை மிதித்ததும் அது பாறைக்கு அடியில் போகும் நண்டு மாதிரித் தொண்டைக்குள் பதுங்கிவிடும்.

அவருக்கு மனைவி போய் ஒன்பது வருடம். அவளுக்குக் கணவர் போய்ப் பத்து. இரண்டு பேருக்கும் அறுபத்தைந்து தாண்டிவிட்டது. நடுவில் நின்றது அந்த நண்டு ஒன்றுதான்.

அவர் வாங்குவது எப்போதும் ஒரே புழு. ஊதா உடம்பு, அதற்குள் தங்கப் பொடி, வால் மட்டும் ரோஸ். கம்பெனிக்காரர்கள் அந்த நிறத்துக்கு 'ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி' என்று பெயர் வைத்திருந்தார்கள்; சர்ச்சில் முதல் வரிசை அம்மாமார்களின் தொப்பிகளைப் பார்த்து வைத்திருக்க வேண்டும். ஃபோர்க் ஏரியின் பாஸ் மீன்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது. கறுப்புப் புழுவைப் போட்டால் பாயும், பூசணிப் பச்சையைப் போட்டால் வரிசையில் நிற்கும், இந்த ஊதாவைப் போட்டால் பிள்ளைகுட்டிகளோடு வேறு ஏரிக்குக் குடிபெயரும்.

இது ராய்ஸுக்கும் தெரியும். ஆனால் அந்தப் புழு தொங்கியது கடையின் கடைசி மூலையில், மேல் ஆணியில். நெல்டா கல்லாவை விட்டு எழுந்து, அதுவரை நடந்து போய், எடுத்துக்கொண்டு திரும்பி வர வேண்டும். அடி எண்ணினால் போக இருபது எட்டு, வர இருபது எட்டு. டெக்சாஸ் மாநிலத்தில் பார்க்க வேண்டிய காட்சி அந்த நாற்பது எட்டு மட்டும்தான் என்பது ராய்ஸின் கட்சி. கையில் வாங்கிய பையை அவர் ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. வீட்டில் முந்நூற்றுச் சொச்சம் பைகள் குவிந்து, கார் ஷெட்டை விட்டு வெளியேறி மழையில் நனைந்துகொண்டிருந்தன.

"கடிக்குதாவா!" என்றார். உண்மையைச் சொன்னால், அப்புறம் ஏன் வாங்குகிறீர்கள் என்று அடுத்த கேள்வி வருமே! "போன வாரங்கூட எட்டு பவுண்டுல ஒண்ணு!"

"எட்டு பவுண்டா?"

"எட்டே கால்னுகூடச் சொல்லலாம்."

நெல்டாவின் முகம் ஏனோ வாடியது. பையின் வாயை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "ஓ. அப்ப மீனுக்குத்தான் வாங்குறீங்க."

"புழு வேற எதுக்கு, மிஸ் நெல்டா?" என்று சிரித்தார் ராய்ஸ். சிரித்த மறுகணமே எங்கோ ஏதோ கவிழ்ந்துவிட்ட மாதிரி இருந்தது. எது என்றுதான் தெரியவில்லை.

அவள் சுவரைக் காட்டினாள். ஒவ்வொரு புழுவுக்குக் கீழும் அதைக் கடித்து ஏமாந்த மீன்களின் படங்கள், மீனைவிட அதிகமாகப் பல்லைக் காட்டும் மனிதர்களோடு. ஊதாவுக்குக் கீழே வெறும் சுவர்.

"ஒரு படம் கொண்டாங்க. சனிக்கிழமைக்குள்ள. இல்லேன்னா அந்த ஆணியில வேற சரக்கை மாட்டிடுறேன். உங்களைத் தவிர இதை ஒருத்தரும் சீண்டுறதில்ல. எனக்கும் வயசாகுதில்ல, மிஸ்டர் ராய்ஸ்?"

ஆணி போனால் நாற்பது எட்டு போகும். நாற்பது எட்டு போனால் செவ்வாய்க்கிழமை போகும். செவ்வாய்க்கிழமை இல்லாத வாரத்தை வைத்துக்கொண்டு ராய்ஸ் என்ன செய்வார்?

"எட்டு பவுண்டா? அந்தப் புழுவுலயா?" அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு டூவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முப்பது வருடம் இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஓட்டியவர்கள். "டேய், என் மாமியாரைக் கட்டித் தொங்கவிட்டாக்கூட அதைவிடச் சீக்கிரம் கடிக்கும்டா!"

"சிரிக்காதடா."

"கறுப்பு வாங்கித் தொலைச்சிருக்கலாம்ல?"

"அது கல்லா பக்கத்துலயே தொங்குதுடா. உக்காந்தபடியே கையை நீட்டி எடுத்துக் குடுத்துருவா."

டூவி சிரிப்பை நிறுத்தினார். "நேராப் போய்ச் சொல்லிடேன். அறுபத்தெட்டு வயசுல உனக்கென்னடா வெக்கம்?"

"சொல்லி, வேணாம்னுட்டா? அப்புறம் செவ்வாய்க்கிழமை நான் எங்கடா போவேன்?"

டூவி எழுந்தார். படகை இழுத்துப் போகும் கொக்கியைத் தன் வண்டியில் மாட்டப் போனார்.

புதன்கிழமை ராய்ஸ் முறைப்படி ஆரம்பித்தார். தூண்டில் நரம்பில் தோட்டா வடிவ ஈயக்குண்டு. முள்ளைப் புழுவின் தலையில் குத்தி, கொஞ்சம் வெளியே எடுத்து, திருப்பி, கூர்முனையைப் புழுவின் வயிற்றுக்குள்ளேயே புதைப்பது எங்கள் ஊர் வழக்கம். பாசியில் மாட்டாது, மீன் கடித்து, நாம் சுண்டினால்தான் முள் வெளியே வரும். புழு நூல் பிடித்தாற்போல் நேராகத் தொங்க வேண்டும். ஒரு சுருக்கம் விழுந்தாலும் தண்ணீரில் பம்பரமாய்ச் சுற்றி நரம்பைச் சடையாகப் பின்னிவிடும். ராய்ஸ் மாட்டிய புழுவோ கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றது.

பட்டுப்போன மரங்களுக்கு நடுவே ஆயிரம் தடவை வீசினார். ஒருமுறை நரம்பு 'டக்' என்றது. வந்தது ஓர் ஆமை. அதுவும் கடிக்கவில்லை, வழியில் கிடந்ததை ஒதுக்கிவிட்டுப் போகத்தான் வாயில் எடுத்திருக்கிறது. ராய்ஸைப் பார்த்த பார்வையில் அவ்வளவு இரக்கம்!

"வாசனை போதலைடா," என்றார் டூவி. "பூண்டு எண்ணெயில முக்கு. ரெண்டே சொட்டு."

ஆசைக்கு ஏது சொட்டுக் கணக்கு? வியாழக்கிழமை ராய்ஸ் ஒரு பெரிய ஜாடி நிறையப் பூண்டு எண்ணெயில் புழுக்களை ஊறப்போட்டு, ஜாடியை வண்டியின் முன்சீட்டில் வைத்துக்கொண்டு கிளம்பினார். முதல் வளைவிலேயே ஜாடி கவிழ்ந்தது. ஆகஸ்ட் மாத வெயிலில் சீட்டு, சட்டை, ராய்ஸ் மூன்றும் பதமாக வெந்தன. மீன் வரவில்லை. பதினோரு நாய்கள் வந்தன. படகுத்துறையில் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி, "சாப்பாடு எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். மூன்று முறை குளித்தும் மறுநாள் காலை ராய்ஸ் வீட்டுக் கண்ணாடியில் பூண்டு ஆவி படிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை டூவி தீர்ப்பு சொன்னார். "நேர்மையெல்லாம் போதும். கறுப்புல புடிப்போம். ஊதாவை வாயில மாட்டிப் படம் எடுப்போம்."

"அது ஏமாத்து இல்லையாடா?"

"எட்டே கால் பவுண்டுன்னு சொன்னியே, அது என்ன பைபிளா?"

கறுப்புப் புழு விழுந்த மூன்றாவது வீச்சிலேயே மீன் சிக்கியது. ஐந்து பவுண்டு இருக்கும். கறுப்பைக் கழற்றி, ஊதா மாட்டியிருந்த வேறொரு தூண்டில் கோலின் முள்ளை உதட்டோரம் லேசாகச் செருகினார்கள். டூவி படகின் மறுகோடிக்குப் போய், கோலைக் காலடியில் மிதித்துக்கொண்டு, போனைத் தூக்கினார்.

"மீனை முன்னால நீட்டுடா. அப்பத்தான் பெருசாத் தெரியும்."

நீட்டினார்.

"இன்னும். எட்டு பவுண்டு வரணும்ல? சிரி. கொஞ்சம் பின்னால சாஞ்சுக்கோ."

சாய்ந்தார். நரம்பு விறைத்தது. கோல் வில்லாக வளைந்தது. மீனுக்கும் மானம் உண்டல்லவா? உயிரோடு இருக்கும்போதே பொய்ச் சாட்சி சொல்ல மனமில்லாமல் ஒரு துள்ளுத் துள்ளியது. முள் உதட்டை விட்டுக் கழன்று, கவண் கல்லாகப் பறந்து, ராய்ஸின் இடது காதில் இறங்கியது. மீன் தண்ணீரில் இறங்கியது. டூவி சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் பொத்தானை அழுத்தினார்.

காது மடலில் ஊதாப் புழு ஜிமிக்கியாக ஆடியது. தங்கப் பொடி வெயிலில் மின்னியது.

"பார்க்க லட்சணமாத்தான்டா இருக்கு," என்றார் டூவி.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போடா!"

"அது நாப்பது மைல். நெல்டா இருக்கா நாலு மைல்ல. இந்த ஊர்ல பாதிப் பேர் விரலுக்குள்ள போன முள்ளை அவதானே எடுத்தா?"

"இந்தக் கோலத்துலயா? இந்த நாத்தத்துலயா? வேணாம்டா! காதையே அறுத்துப் போட்டுரு!"

டூவி காதை அறுக்கவில்லை. பூண்டு நெடி தாங்காமல் ராய்ஸைத் தன் வண்டியின் பின்தட்டில் ஏற்றி உட்காரவைத்தார். நேற்றைய பதினோரு நாய்களும் பழைய சிநேகிதத்தில் பின்தொடர, ஊர்வலம் நெல்டாவின் கடை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது.

கடையில் புழுக் கம்பெனியின் விற்பனையாள் ஒருவர் கல்லாவில் சாய்ந்து, மாத ஆர்டர் எழுதிக்கொண்டிருந்தார். ராய்ஸைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

நெல்டா கல்லாவை விட்டு எழுந்தாள். ஸ்டூலைக் காலால் தள்ளினாள். "உக்காருங்க. அசையக் கூடாது." ஒரே வெட்டில் இழுத்தெடுக்க, முள்ளின் வளைவில் கெட்டி நூல் ஒன்றைச் சுற்றிக் கையில் முறுக்கிக்கொண்டாள். மறுகையால் அவர் காதைப் பிடித்தாள்.

ஏழு வருடத்தில் அவள் கை அவர் மேல் பட்டது அதுதான் முதல் தடவை. காபியும் மரத்தூளும் கலந்த வாசனை. ராய்ஸ் கண்ணை மூடிக்கொண்டார். முள் வராமலே இருக்கட்டும், இன்னும் நாலைந்து முள் இறங்கினாலும் பரவாயில்லை, வலது காது வேறு சும்மாதானே இருக்கிறது என்று நினைத்தார்.

"படம் எடுத்தீங்களா?" என்று கேட்டாள். குரல் காது பக்கத்தில் கேட்டது.

டூவி பெருமையாகப் போனை நீட்டினார். அதில் ராய்ஸின் திறந்த வாய் நன்றாக விழுந்திருந்தது.

"மீன் எங்க?"

"மூலையில வால் தெரியுது பாருங்க."

"அது உங்க கட்டை விரல்."

"வாலும் கிட்டத்தட்ட அந்த நெறந்தான்," என்றார் டூவி.

ராய்ஸ் கண்ணைத் திறந்தார். காதைப் பிடித்திருக்கும் கைக்கு எதிரில் பொய் நிற்காது போலும்.

"மீன் இல்ல, மிஸ் நெல்டா. போன வாரமும் இல்ல. இந்தப் புழுவுல ஏழு வருஷத்துல ஒரு மீன்கூடக் கடிச்சதில்ல. ஓர் ஆமை தொட்டுப் பாத்துச்சு, அவ்வளவுதான். கறுப்புலதான் புடிப்பேன். பொய் சொல்லிட்டேன்."

நூலைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"ஒரு மீன்கூட இல்லையா?"

"ஒண்ணுகூட இல்ல."

"அப்ப மீனுக்காக வாங்கல."

"இல்ல."

"அப்புறம் எதுக்குத்தான் வாரா வாரம் இதை வாங்குனீங்க?" அவள் குரல் உடைந்திருந்தது, கோபமா, வேறு ஏதாவதா என்று அவருக்குப் புரியவில்லை.

மூன்றாவது வாக்கியம் நெஞ்சிலிருந்து கிளம்பியது. தொண்டையைத் தாண்டியது. நாக்கின் நுனிவரை வந்தது. ராய்ஸ் வாயைத் திறந்தார். பூண்டு வாசனை மட்டும் வந்தது.

அதற்குள் கம்பெனி ஆள் மூக்கைப் பிடித்த கையை எடுத்துவிட்டு, குனிந்து அவர் காதை உற்றுப் பார்த்தார்.

"அட, இது எங்க ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி மாதிரியில்ல இருக்கு! மீன் திரும்பிக்கூடப் பாக்கலைன்னு ஆறு வருஷம் முன்னாடியே அந்த அச்சை ஒடைச்சுப் போட்டோமே... அப்ப, அன்னையிலேருந்து மாசாமாசம் என்கிட்ட புழு வார்க்குற பிளாஸ்டிக் கரைசலும் ஊதாச் சாயமும் வாங்குறீங்களே, மிஸ் நெல்டா, அது இவருக்காகத்தானா?"