கணினிச் சுவரும் கறுப்புச் சட்டையும்

பெண்களின் வீட்டு உழைப்பை உலகத்துக்குக் காட்டியே தீருவது என்று ஒரு நாள் முடிவு செய்தேன். சோபாவில் படுத்தபடிதான் முடிவு செய்தேன். பெரிய முடிவுகளை நின்றுகொண்டு எடுத்து எனக்குப் பழக்கமில்லை. என் மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இனி இதை எழுதலாம். குறுக்கே பேச ஆளில்லை.

கேமரா, கணினி, சென்சார் இவற்றை வைத்துக் கலை செய்கிறவன் நான். யாரும் சொல்லித்தரவில்லை. யாரும் வாங்கவும் இல்லை. குடும்பம் ஓடியது என் மனைவியின் தையல் மெஷினில். அந்த வருடம் கலைக்கூடத்தில் எனக்கு ஒரு சுவர் கொடுத்தார்கள். முந்தைய கண்காட்சியில் என் ரோபோ ஒரு விருந்தினரின் விக்கைப் பிடுங்கியிருந்தது. “இதுவும் சொதப்பினா இந்தப் பக்கமே வராதீங்க சார்” என்றார் நிர்வாகி அம்மாள், சிரிக்காமல்.

திட்டம் இதுதான். பொத்தான் அளவில் ஒரு சென்சார். அதை அணிந்தவர் அசைந்தால் சுவரில் புள்ளிகள் ஒளிரும். ஒரு வாரம் அவள் அதை அணிவாள். திறப்பு விழாவில் அந்த வாரத்து அசைவெல்லாம் சுவரில் கொட்டும். அது முடிந்ததும் அப்போதைய அசைவு நேரடியாக வரும். சுவரே பற்றி எரிகிற மாதிரி இருக்கும்!

அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் கூச்சப்படுவாள். கூச்சம் கலையைக் கெடுக்கும்.

“இந்தா, முதுகுவலிக்குப் புதுக் கருவி. துணியில வச்சுத் தைச்சு எப்பவும் போட்டுக்கோ.”

“எனக்கு ஏதுங்க முதுகுவலி?”

“வராம இருக்கத்தான்.”

“உங்களுக்கு?”

“ஒண்ணுதான் கிடைச்சுது. உனக்குத்தானே முதல்ல தரணும்?”

என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். “காய்ச்சலும் இல்லையே!”

“தைப்பியா மாட்டியா?”

“தைக்கறதுக்கென்ன, தைச்சிடறேன்.”

அன்று மாலையே குளியலறைக் கண்ணாடி முன்னால் விழாப் பேச்சை ஒத்திகை பார்த்தேன். “என் மனைவிக்கே தெரியாமல் அவளுடைய ஒவ்வோர் அசைவையும்...” குரல் கணீரென்று வந்தது. வெளியே தையல் மெஷின் ஒரு கணம் நின்றது. பிறகு ஓடியது.

மறுநாள் காலை அவள் எடுத்துத் தந்த என் கறுப்புச் சட்டையை வாரம் முழுவதும் கழற்றாமல் சோபாவில் கிடந்து அந்தப் பேச்சை மெருகேற்றினேன். கலைஞன் என்றால் கறுப்புச் சட்டை; விழாவுக்கும் அதுதான். பதிவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. விழாவில் நானும் வியக்க வேண்டாமா?

வியந்தேன். விசையை அழுத்தினேன். சுவர் இருண்டே இருந்தது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஓர் ஓரத்தில் ஒரு புள்ளி. அணைந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று. அவ்வளவுதான்.

“என்ன சார் இது?” என்றார் நிர்வாகி அம்மாள்.

“ஒரு குடும்பத்தலைவியோட ஒரு வாரத்து உழைப்பு மேடம்.”

“இதுவா?”

அடிப்பாவி! ஒரு வாரமாக வேலையே செய்யவில்லையா? கணினியை நோக்கி ஓடினேன். சுவர் முழுக்கப் புள்ளிகள் வெடித்தன! நின்றேன். இருட்டு. நெற்றி வியர்வையைத் துடைத்தேன். கொத்தாகப் புள்ளிகள்.

“பல்பே இவர்தாம்ப்பா!” என்றார் யாரோ.

பின்வரிசையிலிருந்து அவள் வந்தாள். “ஆடாம நில்லுங்க.” என் காலரைத் திருப்பினாள். உள்ளே என் சென்சார், அவளுடைய நேர்த்தியான தையலில்.

“என் சட்டையிலயா தைச்சே?”

“எப்பவும் படுத்தே கிடக்கறவருக்குத்தானே முதுகுவலி வரும்? கழட்டாத சட்டைன்னு பார்த்துத் தைச்சேன்.”

“உங்களுக்கு எல்லாம் தெரியுமாம்மா?” என்றார் நிர்வாகி அம்மாள்.

“பாத்ரூம் கதவு மெல்லிசுங்க.”

“அந்த ரெண்டு புள்ளி?”

“முதல் புள்ளி, காபி கேட்டுத் தலையைத் தூக்கினார். ரெண்டாவது, குடிச்சிட்டு சாஞ்சார்.”

கூடம் அதிர்ந்தது. ஒருவர் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் அவமானத்தில் நெளிந்தேன். சுவர் அதையும் காட்டியது.

நிர்வாகி அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சுவர் இப்படியே இருக்கட்டும் சார். எடுக்க வேண்டாம்.”

பிழைத்தேன் என்று மூச்சு விட்டேன்.

மறுநாள் போனபோது சுவரின் பக்கத்தில் விவர அட்டை ஒட்டியிருந்தார்கள். கலைஞர் என்ற இடத்தில் என் மனைவியின் பெயர். அதன் கீழே, பயன்படுத்திய பொருட்கள்: சென்சார், துணி, நூல், கணவர்.