புடவை வழியாக நான் இறங்கவில்லை

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் அண்ணி எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம். உன் முழங்கால் வலியும் உன் வீட்டுக்காரரின் சர்க்கரையும் சொன்ன பேச்சைக் கேட்டு நடக்கின்றன என்று நம்புகிறேன். நலம் விசாரித்து முடித்த பிறகுதான் சண்டையைத் தொடங்க வேண்டும் என்பது கான்வென்டில் மதர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த கடித முறை. விசாரித்தாயிற்று.

நான் புடவையைக் கயிறாகத் திரித்து, மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி, மகன் வீட்டிலிருந்து தப்பித்துப் போகப் பார்க்கவில்லை. என்னைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகவும் இல்லை. போலீஸ் வந்தது உண்மை. வந்தவர்கள் ஷூவைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, தலையைக் குனிந்து விடைபெற்றுப் போனார்கள். குடும்பக் குரூப்பில் நீ பேசி அனுப்பியதை மருமகள் எனக்குப் போட்டுக் காட்டினாள். "அண்ணிக்கு அங்க தாக்குப்பிடிக்கல, பாவம். எனக்கு அப்பவே தெரியும்" என்று குரலை ஒரு மாதிரி இறக்கிச் சொல்லியிருக்கிறாய். அந்தப் 'பாவம்' எனக்கு வேண்டாம், நீயே வைத்துக்கொள். கட்டிலில் ஏறுவதற்கே முக்காலி கேட்கிற ஒருத்தி, புடவையைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி இறங்குவாள் என்று நம் குடும்பத்தில் இத்தனை பேர் நம்பினார்களே, அதுதான் எனக்கு வருத்தம். படித்தவர்கள் வேறு.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கிளம்பும்போதே மகனிடம் ஒரு நிபந்தனை போட்டேன், உனக்கு ஞாபகம் இருக்கும், நீயும் பக்கத்தில்தான் நின்றாய். "டேய், நான் இருக்கிற இடத்துல என்னைப் பத்தி யாரும் குறை சொன்னதில்ல. அங்க வந்து என் மேல எழுத்துல ஒரு புகார் வந்துச்சுன்னா, அன்னிக்கே பெட்டியைக் கட்டிடுவேன்" என்றேன். அவன் சிரித்தான். "அம்மா, உன்மேல புகார் எழுத யாருக்கும்மா தைரியம் இருக்கு?" என்றான். அந்த நம்பிக்கையில்தான் விமானம் ஏறினேன்.

வந்த மறுநாளே சமையலறைத் தரையைக் கழுவினேன். இவர்கள் தரையைத் துடைக்கிறார்கள், கழுவுவதில்லை. துடைத்தால் அழுக்கு ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போகுமே தவிர வீட்டை விட்டுப் போகாது. நான் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றித் துடைப்பத்தால் தள்ளினேன். தள்ளிய பிறகுதான் தெரிந்தது, இந்த வீட்டில் தண்ணீர் வெளியே போக ஓட்டையே வைக்கவில்லை. அது கூடத்துக்குப் போய், மகனுடைய தரைக் கம்பளத்தை நனைத்து, வாசற்கதவுக்கு அடியில் நுழைந்து, படிக்கட்டில் இறங்க ஆரம்பித்தது. இருந்த துண்டையெல்லாம் போட்டு ஒற்றி எடுத்தேன். ஆனால் தரை பளிச்சென்று இருந்தது, அதை மருமகளே ஒப்புக்கொண்டாள்.

அதற்கப்புறம் குப்பை. குப்பைப் பையை வெளியே வைக்க ஓர் அடி எடுத்து வைத்தேன், பின்னால் கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டது. சாவி உள்ளே, நான் வெளியே, கையில் குப்பை. மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். படியில் உட்காரலாம் என்றால் என் கழுவல் இன்னும் காயவில்லை. அப்போது இரண்டாம் மாடிக்காரர் ஏறி வந்தார். எங்களுக்கு நேர் கீழே குடியிருப்பவர், ஓய்வு பெற்றவர், தனி ஆள், மீசை மட்டும் பெரிய குடும்பம். நான் அவருக்கு மீசைக்காரர் என்றே பெயர் வைத்திருக்கிறேன். என்னையும் குப்பையையும் பார்த்தார், கீழே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். அறிமுகமில்லாத மனிதர் முன்னால் எப்படி உட்காருவது? அவர் கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகு உட்கார்ந்தேன். மறுநாள் நாற்காலியைத் துடைத்து, ஆடிக்கொண்டிருந்த காலுக்கு அட்டை மடித்து வைத்து, திருப்பிக் கொடுத்தேன். நல்ல மனிதர் என்றுதான் நினைத்தேன்.

மொழி ஒரு தொல்லை. இவர்கள் பேசுவது எனக்குப் புரியவில்லை, என் கான்வென்ட் இங்கிலீஷ் இவர்களுக்குப் புரியவில்லை. அதனால் புதிதாக வந்தவர்களுக்கு நூலகத்தில் நடக்கும் வகுப்பில் மகன் என்னைச் சேர்த்துவிட்டான். வாத்தியார் சின்னப் பையன். மேஜை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்கிறான். நான் சொல்வேனா? அவன் உள்ளே வந்ததும் எழுந்து நின்றேன். என்னைப் பார்த்து மற்றவர்களும் எழுந்து நின்றார்கள். இப்போது வகுப்பே எழுந்து நிற்கிறது, அவன் முகம் சிவந்துபோய் இரண்டு கையாலும் "உட்காருங்கள், உட்காருங்கள்" என்று அவன் மொழியில் கெஞ்சுகிறான். தினமும் கேட்டுக் கேட்டு, இந்த ஊர் மொழியில் எனக்குச் சுத்தமாக வருகிற ஒரே சொல் 'உட்காருங்கள்' என்பதுதான். அது பின்னால் உதவியது.

இப்போது புடவைக்கு வருகிறேன். நான் நூல் புடவைக்குக் கஞ்சி போடாமல் கட்டமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். இங்கே துணி உலர்த்த ஒரு ஸ்டாண்டு வைத்திருக்கிறார்கள், நண்டு மாதிரி கால் விரிக்கும், கைக்குட்டைக்குச் சரி. கஞ்சிப் புடவையை நாலாக மடித்து அதில் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அப்பளக்கட்டு மாதிரி ஆகிவிடுகிறது. ஆகவே பால்கனிக் கம்பியில் தலைப்பை முடிந்து, மீதியைக் கீழே முழு நீளத்துக்கும் தொங்கவிட்டேன். காற்றில் பறந்து மேல் மாடிக்குப் போகாமல் இருக்க, கீழ் முனையில் என் பெட்டிப் பூட்டைக் கட்டினேன். சில வாரங்கள் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. புடவை மடமடவென்று காய்ந்தது, நானும் இந்த ஊர் பழகிவிட்டது என்று நினைத்தேன்.

அன்றைக்குக் காற்று அதிகம். மீசைக்காரர் தம் பால்கனியில் தொட்டி தொட்டியாகத் தக்காளி வைத்திருக்கிறார், செடிக்குச் செடி குச்சி நட்டிருக்கிறார். பூட்டு போய் அந்தக் குச்சிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. நான் முக்காலியைப் போட்டு ஏறி, கம்பிக்கு மேல் குனிந்து, புடவையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். கீழே தெருவில் ஒருவர் நின்று பார்த்தார். பிறகு பத்துப் பேர் நின்றார்கள். எல்லாரும் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள். இத்தனை நாளில் இந்தத் தெருவில் ஒருவரும் எனக்குக் கையாட்டியதில்லை. மரியாதைக்கு நானும் புடவையை விட்டுவிட்டு இரண்டு கையையும் ஆட்டினேன். கீழே ஒரே கூச்சல். ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் போலீஸ். ஓர் ஆண், ஒரு பெண். நான் அவர்கள் காலைப் பார்த்தேன். ஷூவைக் கழற்றினார்கள். "உட்காருங்கள்" என்றேன், அவர்கள் மொழியில், வாத்தியார் சொல்கிற அதே ராகத்தில். உட்கார்ந்தார்கள். அந்த ஆணுக்குக் கால் சாக்ஸில் கட்டைவிரல் வெளியே தெரிந்தது. ஊசி நூலை எடுத்துக் காட்டினேன், காலைச் சோபாவுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். மகனுக்கு அவர்களே போன் போட்டார்கள். அவன் ஆபீஸிலிருந்து ஓடி வந்து, மூச்சு வாங்க, "அம்மா, நீ குதிக்கப் போறேன்னு நினைச்சாங்களாம்" என்றான். "குதிக்கிறவ பூட்டுப் போட்டுட்டா குதிப்பா? சொல்லுடா அவங்ககிட்ட" என்றேன். அவன் என்ன சொன்னானோ, அந்தப் பெண் போலீஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். அடுத்த நாள் இந்தக் கட்டடத்தின் மேனேஜர் வந்தார். மகனிடம் வெகுநேரம் பேசினார், கையை மேலே காட்டினார், கீழே காட்டினார், பெருமூச்சு விட்டார். போன பிறகு, "என்னடா சொன்னார்?" என்றேன்.

"தண்ணி சொட்டுதாம்."

"இவ்வளவு நேரம் பேசினது அது ஒண்ணுதானா?"

"மத்ததெல்லாம் மரியாதைம்மா."

ஆனால் அவன் கையில் ஒரு காகிதம் இருந்தது. புகார். எழுத்தில். கீழே கையெழுத்து மீசைக்காரருடையது. புடவை வெளிச்சத்தை மறைக்கிறதாம், கஞ்சித் தண்ணீர் தொட்டியில் சொட்டுகிறதாம். நாற்காலி கொடுத்த அதே கை! நேரே அறைக்குள் போய்ப் பெட்டியை இறக்கினேன்.

மகன் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். "ஒரே ஒரு தடவை கீழ இருக்கிற மெஷின்ல போட்டுப் பாரும்மா. அப்புறம் முடிவு பண்ணு" என்றான். கட்டடத்துக்கே பொதுவாக அடித்தளத்தில் துணி துவைக்கும் மெஷின்கள் இருக்கின்றன. சரி என்று புடவையைப் போட்டேன், சோப்போடு கஞ்சியையும் ஒரு செம்பு ஊற்றினேன். புடவை கயிறாக முறுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அது போகட்டும், எனக்குப் பிறகு அதே மெஷினில் முதல் மாடிக்காரர் துணி போட்டிருக்கிறார். அவர் தினமும் காலையில் ஓடுகிறவர். மறுநாள் கதவைத் தட்டி, தம் பனியனை எங்கள் கூடத்துத் தரையில் நிறுத்திக் காட்டினார். ஆள் இல்லாமல் அது தானாகவே நின்றது. கஞ்சி நன்றாகத்தான் ஏறியிருந்தது, அதைச் சொல்ல எனக்கு மொழி இல்லை.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். மகனிடம் டிக்கெட் போடச் சொல்லியாயிற்று. "பாக்கறேம்மா" என்கிறான், பார்த்துக்கொண்டே இருக்கிறான். மருமகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ், கால் வீங்கி வீடு வருகிறவள், நேற்று நான் அவளுடைய சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்றாள். "அத்தை, நீங்க போயிட்டா சாயங்காலம் வந்ததும் நான் யார்கிட்ட சண்டை போடறது? உங்க பிள்ளைகிட்ட போட்டா பதிலே வராது" என்றாள். "பதில் சொல்லப் பழக்கிக்கோ" என்றேன். அவள் சிரித்தாள், பிறகு மூக்கை உறிஞ்சினாள். ஜலதோஷமாக இருக்கும். அவளுடைய காலர் மடிப்பைப் பார்த்து ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரே யார் போட்டது என்று கேட்டாராம். நான் போன பிறகு அந்தக் காலர் என்ன ஆகும் என்று நினைத்தால்தான் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. மற்றபடி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சுயமரியாதைக்கு மேல் எதுவும் கிடையாது.

என் வீட்டு முன்கூடத்தில் உன் மகள் தையல் வகுப்பு நடத்துகிறாளாமே? என்னைக் கேட்கவில்லை, பரவாயில்லை. நான் வருவதற்குள் மெஷின்களை எடுத்துவிடச் சொல். தொட்டியைக் கழுவி வை. பால்காரரிடம் சொல்லிவை. என் சாய்வு நாற்காலியில் ஊசி கிடக்கிறதா என்று உட்கார்ந்து பார், தடவிப் பார்த்தால் தெரியாது. குடும்பக் குரூப்பில் "அண்ணி தானாக முடிவெடுத்து வருகிறார்" என்று மட்டும் போடு, குரலை இறக்காமல்.

உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்பு. பிள்ளைகள் தீர்க்காயுளோடும் ஒழுங்கான கையெழுத்தோடும் இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அண்ணி

பி.கு: மேலே உள்ளதை எழுதி முடித்து, உறையில் போட்டு ஒட்டப் போகும் நேரத்தில் கதவு தட்டப்பட்டது. திறந்தால் மீசைக்காரர். கையில் ஒரு தக்காளித் தொட்டி, செடி தலை தொங்கிக் கிடந்தது, இலையெல்லாம் வெயிலில் பொசுங்கி ஓரம் சுருண்டிருந்தது. புடவை போனதிலிருந்து இப்படியாம். செடியைக் காட்டினார், பால்கனியைக் காட்டினார், நான் கட்டியிருந்த புடவையைக் காட்டினார், விரல்களைக் கீழ்நோக்கி ஆட்டித் தண்ணீர் சொட்டுகிற மாதிரி செய்து, கையெடுத்துக் கும்பிடாத குறையாக நின்றார். எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் காகிதத்தையும் பேனாவையும் எடுத்து நீட்டினேன். புகாரை எழுத்தில் கொடுத்தவர், வேண்டுகோளையும் எழுத்தில் கொடுக்கட்டும். "உட்காருங்கள்" என்றேன். உட்கார்ந்து எழுதினார். சாயங்காலம் மருமகள் வந்து படித்துச் சொன்னாள்: புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டாராம், மேனேஜரிடமும் பேசிவிட்டாராம், வெயில் நாட்களில் நடுப்பகலுக்குப் புடவை வேண்டுமாம், கஞ்சியோடு. தெருவில் யாரும் கயிறு என்று பயப்படாமல் இருக்க, குறுக்கே கம்பு கட்டிப் பந்தல் மாதிரி அகலமாக விரிக்க அவரே ஏற்பாடு செய்கிறாராம். பூட்டு மட்டும் வேண்டாமாம். படித்து முடித்ததும் மருமகள், "அத்தை, இன்னிக்குச் சண்டை உண்டா?" என்றாள். "முகம் கழுவிட்டு வா, ஆரம்பிக்கலாம்" என்றேன். அவளுக்கு ஜலதோஷம் விட்டுப்போயிருந்தது.

ஆகவே தையல் மெஷின்கள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். பால்காரரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். அந்தச் செடிகளுக்கு என் கைவசம் உள்ள புடவைகளின் நிழல் போதாது. என் அலமாரியில் நடுத்தட்டில் இருக்கிற கெட்டி நூல் புடவைகள் இரண்டு, பச்சையும் காவியும், பார்சலில் அனுப்பு. அனுப்பினாயா என்பதைப் போனில் சொல்லாதே, குரூப்பிலும் போடாதே. காகிதத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டுப் பதில் அனுப்பு.