எண்ணெய் குடித்த பதிவேடு

விரிவுரையில் முழுவதுமாகத் தூங்குகிறவனால் யாருக்கும் தீங்கில்லை. பாதியில் விழித்துக்கொள்கிறவன்தான் ஆபத்தானவன். நான் கண் விழித்த நேரத்தில், ஓலைச்சுவடிகளைப் பூச்சி அரிக்காமல் இருக்க எண்ணெய் பூசுவார்கள் என்று விரிவுரையாளர் சொல்லிக்கொண்டிருந்தார். ஓலைக்கு நல்லதென்றால் கடதாசிக்கும் நல்லதுதானே? (அப்போது என் மூளை இப்படித்தான் வேலை செய்தது. இப்போது அதுவும் இல்லை.)

தொண்ணூறுகளின் பிற்பகுதி. வன்னிக் குளங்களை ஆராய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு மல்லாவியில் சைக்கிளில் திரிந்தேன். போரில் இடம்பெயர்ந்து வந்த நீர்ப்பாசன அலுவலகம் ஒன்று அங்கே தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில் இயங்கியது. பழைய பதிவேடுகளுக்குப் பொறுப்பு பரமேஸ்வரி அக்கா. ஓடி வரும்போது தன் சீலைகளை விட்டுவிட்டு, பதிவேடுகளை உழவு இயந்திரத்தில் ஏற்றி வந்தவர். ஒரு குளத்தின் பதிவேட்டை என்னிடம் தந்தார்.

"தம்பி, வெள்ளிக்கிழமை விவசாயிகள் கூட்டத்துக்கு இது வேணும். கீழ்வயல் சனத்துக்கு மழையில்லாத சிறுபோகத்திலை தண்ணி முறை இருக்கெண்டதுக்கு இதுதான் ஒரே சாட்சி. பழுதாக்கிப்போடாதேங்கோ."

"என்னக்கா, நான் ஆராய்ச்சிக்காரன்!"

வீட்டில் திறந்தால், பக்கத்துக்குப் பக்கம் வெள்ளிப்பூச்சி ஓடியது. வேப்பெண்ணெய்ப் போத்திலை எடுத்தேன். குழந்தையைக் குளிப்பாட்டுகிற கவனத்தோடு ஒவ்வொரு தாளுக்கும் பூசினேன்.

காலை வெயிலில் பார்த்தபோது அதிசயம் நடந்திருந்தது. தாள்கள் எல்லாம் தெளிந்த நீராகிவிட்டன. ஒரு பக்கத்துக்கு அடியில் இன்னொரு பக்கம், அதற்கும் அடியில் வேறொன்று. எழுத்துகள் மீன்குஞ்சுகள் போல ஒன்றன்மேல் ஒன்று நீந்தின. ஒரு வருடத்து வெள்ளத்துக்குள் மறு வருடத்து வறட்சி கிடந்தது. யாரோ ஒரு எழுதுநர் எப்போதோ எண்ணிய மழைநாட்கள் எல்லாம் ஒரே நாளில் பெய்துகொண்டிருந்தன. அரை மணி நேரம் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகுதான் வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது.

கூட்டம் குளக்கட்டில், மருத மரத்தடியில். பதிவேட்டைக் கையில் வாங்கிய அக்கா அதை முகர்ந்து பார்த்தார்.

"இதுக்கை மீன் பொரிச்சனீங்களோ?"

மேல்வயல்காரர் ஒருவர் உற்சாகமாகிவிட்டார். "கீழ்வயலுக்குச் சிறுபோகத் தண்ணி எப்பவும் விட்டதில்லை. இருந்தால் வாசிச்சுக் காட்டட்டும்!"

"நாசமாக்கினவரே வாசிக்கட்டும்" என்றார் அக்கா.

எழுந்து நின்று வாசித்தேன். "கீழ்வயலுக்கு… பெருவெள்ளம்… காய்ச்சல்… நீர் திறக்கும் துருசுக் கதவு… மாடு இரண்டு…"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்காதவர் செல்லமுத்து அண்ணன் மட்டும்தான். மலையகத்திலிருந்து வந்து கீழ்வயலில் காடு வெட்டிக் குடியேறியவர். தண்ணீர் வரும் என்று நம்பி, விதைநெல்லை நனையப்போட்டுவிட்டு வந்திருந்தார். எழுந்து குளத்தில் இறங்கினார். ஒரு தாமரை இலையைப் பறித்து, ஈரத்தை இடுப்புச் சாரத்தில் துடைத்து, நான் வாசித்த தாளுக்கு அடியில் செருகினார். அடியில் நீந்தியவை எல்லாம் மறைந்தன. மறுபக்கத்து எழுத்து மட்டும் இடம் வலமாய்த் திரும்பி நின்றது.

"இப்பப் படிங்க தம்பி. நம்மளப் பாத்து நிக்கிற எழுத்த மட்டும் படிங்க. முதுகு காட்டுறத விட்டுருங்க."

"சிறுபோகம்… கீழ்வயல்… முறை வைத்து ஐந்து நாள்."

யாரும் சிரிக்கவில்லை. செல்லமுத்து அண்ணன் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, நெல் முளைத்துவிடப் போகிறதென்று ஓடினார். அக்காவிடம் அந்த இரக்கம் இல்லை.

"முழுப் புத்தகத்தையும் கையாலை எழுதித் தந்திட்டுப் போங்கோ."

கீழ்வயலில் நெல் விதைத்து, கதிர் தள்ளி, அறுத்தும் முடித்தார்கள். நான் அப்போதும் தாமரை இலையும் கையுமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கதையை என் மனைவியிடம் சொன்னது நான் செய்த இரண்டாவது பிழை. இன்றைக்கும் நான் தலைக்கு எண்ணெய் வைக்கப் போனால், குசினி அடுப்படியில் இருந்து குரல் வரும்:

"கவனமப்பா! உள்ளுக்கை ஒண்டும் இல்லையெண்டது வெளியிலை தெரிஞ்சிடும்."